வெள்ளிக்கு நேரே ‘ஆ.அ.’

பேருந்து டிப்போவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மேனேஜரிலிருந்து டயருக்குக் காற்றடிக்கிறவர் வரை எல்லாருக்கும் அவள் சார்ட்டக்கா. நூற்றுப் பத்து ஓட்டுநர்கள், எழுபத்திரண்டு வண்டிகள், வாரத்துக்கு ஏழு நாள். யார் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுப்பது, எங்கே கைமாற்றுவது, எப்போது சாப்பிடுவது என்பதையெல்லாம் ஒரே நீளத் தாளில் அடக்கிச் சுவரில் ஒட்டுவது அவள் வேலை. அந்தத் தாள்தான் சார்ட். ஒட்டிய பிறகு அதில் ஓர் எழுத்தை மாற்றவேண்டுமென்றால் மேனேஜரே அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுப்பார்.

அதற்கு முன்னால் ஆறு வருஷம் நடத்துநராக இருந்தாள். அப்போது சார்ட் போட்டுக்கொண்டிருந்தவர் ஒருநாள் ஒரே ஓட்டுநரை ஒரே நேரத்தில் இரண்டு வண்டிகளில் உட்கார வைத்துவிட்டார். காலை நெரிசல். வாசலில் ஜனம், உள்ளே கூச்சல். கையில் டிக்கெட் பையோடு நின்றிருந்த இவள், இவருக்குப் பதில் அவர், அவருக்குப் பதில் இன்னொருவர் என்று மூன்றே நிமிடத்தில் முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள். அடுத்த மாதம் அந்த நாற்காலி அவளுக்கு வந்தது.

நாற்காலியோடு நூற்றுப் பத்துப் பேரின் வயிறும் வந்து சேர்ந்தது. யாருக்கு வயிற்றுப்புண், யாருக்குச் சர்க்கரை, யார் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடாவிட்டால் ஒரு மணிக்குப் பயணிகளோடு சண்டை பிடிப்பார், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. சாப்பாட்டு இடைவேளை நாற்பது நிமிடம். அதில் ஐந்து நிமிடத்தைக் கிள்ளி ஒரு நடை கூடுதலாக ஓட்டலாமே என்று மேனேஜர் கேட்டபோது, பசியோடு ஓட்டுகிறவன் சிக்னலைப் பார்க்க மாட்டான், சாப்பாட்டுக் கடையைத்தான் பார்ப்பான் என்று சொல்லி வாயை அடைத்தாள்.

அந்த நாற்காலியில் காலை ஐந்து மணிக்கு உட்கார வேண்டும். வீட்டில் அப்போது பெரியவளுக்குப் பதினொரு வயது, சின்னவளுக்கு ஐந்து. கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்தக் கட்டடத்தில் யார் மாடிக்கும் மாடிக்கும் நடுவில் தொங்கினாலும் அவனுடைய ஃபோன்தான் அடிக்கும். அவன் சாப்பிட உட்கார்ந்தால் அன்றைக்கு எங்கோ ஒரு லிஃப்ட் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

அந்தச் சமயத்தில்தான் வீடு மாறிப்போன பக்கத்து வீட்டுக்காரர், எடுத்துப்போக இடமில்லை என்று ஒரு ஸ்லோ குக்கரைத் தந்துவிட்டுப் போனார். வெளியே தகரம், உள்ளே கனத்த பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி, முன்னால் ஒரு திருகு. காலையில் பொருளை அள்ளிப் போட்டுத் திருகை வைத்துவிட்டுப் போனால் எட்டு மணி நேரம் தன்பாட்டுக்கு வேகும். வெந்த பிறகு தானாகவே சூடு மட்டும் காத்துக்கொண்டு நிற்கும். கணவன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஆமை என்று பெயர் வைத்தான். அதிலிருந்து வீட்டில் அதற்கு ஆமை என்றே பெயர்.

அவள் ஆமைக்கும் ஒரு சார்ட் போட்டாள்.

ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து உட்காருவாள். முதலில் தன்னுடைய ஷிஃப்ட், பிறகு கணவனுடையது, பிறகு பிள்ளைகளின் பள்ளிக்கூடம். அதற்கப்புறம்தான் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை முழுக் கோழி. அடியில் உருளைக்கிழங்கும் வெங்காயமும், ஏனென்றால் கிழங்கு கறியைவிடத் தாமதமாக வேகும், சூடும் அடியில்தான் இருக்கிறது. கோழியின் எலும்பை எறிவதில்லை. திங்களன்று அதே எலும்பும் கேரட்டும் சேர்ந்து சூப். செவ்வாய் சிவப்பு பீன்ஸ் விதை. அதை முதல்நாளே ஊறப்போட்டு, காலையில் அடுப்பில் பத்து நிமிடம் கொதிக்கவிட்ட பிறகே ஆமைக்குள் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த மெல்லிய சூட்டில் விதையின் விஷம் போகாது. அந்தப் பத்து நிமிடத்துக்காகவே செவ்வாய்க்கிழமை மட்டும் கடிகாரத்தில் அலாரம் முன்னால் நகரும். புதன் பூசணியும் பருப்பும். வியாழன் முந்தின வாரம் எடுத்து உறையவைத்த மிச்சம். வெள்ளி கறி. சனி எந்தக் காய் வாடப்போகிறதோ அது.

அன்றன்றைக்கு வேண்டியதை ஞாயிறே நறுக்கி, டப்பாவில் போட்டு, மேலே கிழமை எழுதி ஃபிரிட்ஜில் அடுக்கிவிடுவாள். விடிகாலையில் கண்ணை முழுதாகத் திறக்காமலே டப்பாவைக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பலாம்.

தாளில் நான்கு கட்டங்கள். கிழமை, பண்டம், எத்தனை மணிக்குத் தயார். கடைசிக் கட்டத்தில் டிப்போ பாணியில் ஒரு சுருக்கெழுத்து: அ.அ. அவரவர் அள்ளிக்கொள்க. ஆளுக்கு மூன்று கரண்டி. முதல் வாரம் பிள்ளைகளுக்கு அதை விளக்கிச் சொன்னாள். பிறகு சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. பதினொரு வருஷம் ஏழு நாளும் அ.அ.தான். பெரியவள் நான்கு மணிக்கு அள்ளிக்கொள்வாள், சின்னவளுக்கும் அள்ளிப் போடுவாள். கணவன் கைக்கறையோடு ஆறு மணிக்கோ ஒன்பது மணிக்கோ அள்ளிக்கொள்வான். அவள் வந்து அடியில் கிடப்பதை வழித்துக்கொள்வாள். யாரும் பசியோடு படுத்ததில்லை. ஆறிய சோற்றை யாரும் தின்றதில்லை. அந்தத் தெருவில் இப்படி ஒரு வீடு இல்லை என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது.

அந்தப் பெருமையில் ஒருமுறை சின்னக் கீறல் விழுந்தது. பெரியவளின் பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். ‘வீட்டில் உனக்குச் சாப்பாடு போடுவது யார்?’ என்ற கேள்விக்கு அவள் ‘ஆமை’ என்று எழுதிவைத்தாள். ஆசிரியை பதறிப்போய் டிப்போவுக்கே ஃபோன் செய்தார். விஷயம் தெரிந்ததும் அவரும் சிரித்தார், டிப்போவே சிரித்தது. ஹாரன் என்று பட்டப்பெயர் உள்ள ஓட்டுநர் ஒருவர், காரணமில்லாமல் ஹாரன் அடிக்கிறவர், ஒரு மாதம் வரை அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஆமை சௌக்கியமா என்று விசாரித்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள். இரண்டு வருஷத்துக்கு அது வீட்டின் பெரிய ஜோக்.

இப்போது பெரியவளுக்கு இருபத்திரண்டு. பல்செட் செய்யும் படிப்பு முடித்திருந்தாள். தொலைவில் ஒரு நகரத்தில் வேலை கிடைத்தது. சனிக்கிழமை காலை ரயில்.

டிக்கெட் எடுத்த அன்று, அடுத்த வார சார்ட் போட உட்கார்ந்தவளுக்குக் கை ஓடவில்லை. வெள்ளிக்கிழமைக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. இந்த வீட்டில் நான்கு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்று யோசித்தாள். கல்யாண வீடு, துக்க வீடு, ஹோட்டல் எல்லாம் நினைவுக்கு வந்தன. இந்த மேசை மட்டும் வரவில்லை. பெரியவள் சாப்பிடும்போது முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். ஹாரன் சாப்பிடும் முகம் தெரிந்தது. ஒரு பக்கமாகவே மெல்லுவார். பெற்ற மகளின் முகம் தெரியவில்லை.

ஒரு வேளையாவது தன் கையால் போட வேண்டும். போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

எலும்போடு ஆட்டுக்கறி, பார்லி, கேரட். எட்டு மணி நேரம். கறிநாளில் பெரியவளின் பங்கு மிஞ்சியதே இல்லை, அதனால் அவளுக்குப் பிடித்தது அதுதான். நேரம் ஏழு மணி. கடைசிக் கட்டத்தில் அ.அ. போடக் கை தானாகப் போனது. நிறுத்தி, யோசித்து, ஆ.அ. என்று எழுதினாள். ஆற அமர. எழுதிவிட்டுத் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டாள். வாயால் சொன்னால் ஏதோ பெரிய விழா மாதிரி ஆகிவிடும், பெரியவள் கூச்சப்படுவாள் என்று பட்டது. அதோடு, சார்ட்டில் எழுதியதை வாயாலும் சொல்வது அவளுக்குப் பழக்கமில்லை. தாளை ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.

வெள்ளிக்கிழமை தன் ஷிஃப்டை மூன்று மணிக்கு முடியும்படி போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டரைக்கு ஒரு ஓட்டுநர் ஃபோன் செய்தார்; இடுப்பு பிடித்துக்கொண்டதாம், படுக்கையிலிருந்து எழ முடியவில்லையாம். அந்த வண்டிக்கு ஆள் வேண்டும். கையில் இருந்தவர் ஹாரன் ஒருவர்தான். அவர் அப்போதுதான் கை கழுவிக்கொண்டு டிப்போ சாப்பாட்டு அறைக்குள் போயிருந்தார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“பத்து நிமிஷத்துல அவரை எழுப்பிவிட்டா நீயும் கிளம்பலாம்ல?”

“நாப்பது நிமிஷம் சார். அவர் நாப்பது நிமிஷம் சாப்பிடட்டும்.”

அப்படியே உட்கார்ந்து காத்திருந்து, ஹாரனை வண்டி ஏற்றி, அவர் விட்ட இடத்துக்கு இன்னொருவரைத் தேடி, அந்த இன்னொருவரின் இடத்தை அடைத்து முடித்தபோது மணி ஆறு. பரவாயில்லை, ஏழுக்குத்தானே என்று நினைத்துக்கொண்டாள். வழியில் நல்ல ரொட்டியாகப் பார்த்து வாங்கினாள். ஆறே முக்காலுக்கு வீட்டுக் கதவைத் திறந்தாள்.

கறி வாசனை வாசல் வரைக்கும் வந்தது. சமையலறையில் மூன்று தட்டுகள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. ஆமையின் சூடு காக்கும் விளக்கு எரிந்தது. கண்ணாடி வழியே பார்த்தாள். அடியில் மூன்று கரண்டி அளவு இருந்தது. அவளுடைய பங்கு.

மேசையில் சின்னவள் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள்.

“அப்பா எங்கடி?”

“ஏதோ ஆஸ்பத்திரியில லிஃப்ட் நின்னுபோச்சாம். சாப்பிட்டுட்டுப் போனார்.”

“அக்கா?”

“பெட்டிக்குப் பூட்டு வாங்கப் போயிருக்கா, ஃப்ரெண்டு கூட. அவளும் சாப்பிட்டாச்சு. நானும் சாப்பிட்டாச்சு. உன் பங்கு இருக்கு பாரு.”

அவள் ஃபிரிட்ஜ் பக்கம் போனாள். தாளின் அந்த இடத்தில் எப்போதோ எண்ணெய் விரல் பட்டிருந்தது. பேனா மை ஆவன்னாவின் சுழியில் பிடிக்கவில்லை. கண்ணை அருகில் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தால் தாளில் சுழித்த தடம் தெரிந்தது, மை இல்லை. தூரத்திலிருந்து பார்க்கிற யாருக்கும் அது மற்ற ஆறு நாளைப் போலவே அ.அ.

“ஏழு மணின்னு போட்டிருந்தேனே.”

“ஏழுக்கு ரெடின்னு போட்டிருந்த. அப்பா அஞ்சரைக்கே தொறந்து பார்த்தார், வெந்திருந்துச்சு.” சின்னவள் பென்சிலைக் கீழே வைத்தாள். “என்னம்மா?”

“நான் அ.அ. போடல. ஆ.அ. போட்டிருந்தேன். மை பிடிக்கல.”

“ஆ.அ.ன்னா என்ன? ஆமை அவிச்சதா?”

அவள் அந்தக் கட்டத்தைத் திரும்பப் பார்த்தாள். டிப்போவில் ஒரு புதுச் சுருக்கெழுத்து சார்ட்டில் ஏறினால், மூன்று நாள் காலை ஐந்து மணிக்குச் சுவரோரம் நின்று, வருகிற ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லிப் புரிந்ததா என்று கேட்டபிறகுதான் அவள் நாற்காலிக்குப் போவாள். புரியாமல் தலையாட்டுகிறவர்களைத் திரும்பச் சொல்லவைப்பாள். அதனால்தான் அவள் சார்ட்டைத் தப்பாகப் படித்து ஒரு வண்டிகூட இதுவரை தவறியதில்லை. வீட்டில் பதினொரு வருஷத்தில் ஒரே ஒரு புதுச் சுருக்கெழுத்து. மை பிடித்திருந்தாலும் யாருக்குப் புரிந்திருக்கும்?

“ஆற அமர” என்றாள் மெதுவாக. “நாலு பேரும் ஒண்ணா உக்காந்து, ஆற அமர.”

சின்னவள் சிரித்துவிட்டாள். “நம்ம வீட்டுலயா?”

கேலி செய்ய வேண்டுமென்று அவள் கேட்கவில்லை. யானைக்குச் செருப்பு என்று கேட்டால் எப்படிச் சிரிப்பு வருமோ, அப்படி வந்த சிரிப்பு. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. எழுந்து வந்து, நான் வேண்டுமானால் மறுபடி ஒருவாய் சாப்பிடுகிறேன், நீ உட்கார் என்றாள். இவள் வேண்டாம் என்றாள். ரொட்டியை உறையோடு அலமாரியில் வைத்தாள்.

பெரியவள் எட்டு மணிக்குப் பூட்டோடு வந்தாள். தங்கை வாசலிலேயே விஷயத்தை ஊதிவிட்டாள். பெரியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“ஒரு ஃபோன் போட்டிருக்கலாம்லம்மா. ஒரே ஒரு ஃபோன். இல்ல, காலையில கிளம்பும்போது தட்டி எழுப்பிச் சொல்லியிருக்கலாம்.”

“எழுதியிருந்தேன்” என்றாள் அவள்.

பெரியவள் செருப்பைக் கழற்றினாள். அருகில் வந்து அவள் தோளில் ஒரு நிமிடம் முகவாயை வைத்துக்கொண்டு நின்றுவிட்டுப் பெட்டி அடுக்கப் போனாள். லிஃப்ட் மெக்கானிக் திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். இத்தனை வருஷத்தில் தான் சாப்பிட உட்கார்ந்து யாரும் தடுக்காத ஒரே நாள் அதுதான், அதுவும் இப்படியா ஆக வேண்டும் என்றான். யாரும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை ஏழே முக்காலுக்கு ரயில். ஏழு மணிக்கு வாடகைக் கார் சொல்லியிருந்தார்கள். ஆறு மணிக்கே பெரியவள் குளித்துத் தலைதுவட்டிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். சின்னவளும் பல் துலக்கியபடி பின்னாலேயே வந்து நின்றாள். அம்மா வெறும் மேடையைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அன்றைக்கு ஆமையில் எதையும் போடவில்லை.

நேற்று கறி எப்படி இருந்தது என்று அவள் கேட்டாள். கேட்கும்போதே குரலில் ஒரு கெஞ்சல் ஏறிவிட்டது. “உனக்குப் பிடிக்குமேன்னுதான் அதைப் போட்டேன்.”

“நல்லா இருந்துச்சும்மா.”

சின்னவள் வாயிலிருந்து பிரஷ்ஷை எடுத்தாள். “அவ எங்க சாப்பிட்டா? கறிநாள்ல அவ பங்கு எப்பவும் எனக்குத்தானே.”

பெரியவள் தங்கையை முறைத்தாள். அந்த முறைப்பிலேயே உண்மை தெரிந்தது.

“எப்பவுமா?” என்றாள் அம்மா.

“இவளுக்கு அஞ்சு வயசுலேர்ந்து.”

“அப்ப நீ என்னதான் சாப்பிடுவ?”

“ரொட்டிய தீயில வாட்டிக்குவேன். நல்லா, ஓரமெல்லாம் கருகுற மாதிரி. சாறை மேல ஊத்தாம தொட்டுக்குவேன்.” பெரியவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். “எனக்கு மொறுமொறுன்னு இருக்கணும்மா. ஆமையில எதைப் போட்டாலும் கொழகொழன்னுதானே வரும். அதுக்கு என்ன செய்யறது, அதோட குணம் அது.”

“ஏன்டி என்கிட்ட சொல்லல?”

“எப்ப சொல்றது? நான் சாப்பிடுறப்ப நீ டிப்போவுல இருப்ப. நீ வரும்போது சட்டி காலியா இருக்கும், நல்லாச் சாப்பிட்டிருக்காங்கன்னு உனக்குச் சந்தோஷமா இருக்கும். அதை ஏன் கெடுக்கணும்?”

அதில் கோபம் இல்லை. பழைய கணக்கைத் தீர்க்கிற தொனியும் இல்லை. மழை பெய்தால் குடை எடுத்துக்கொள்வோம் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். ஒரு வசவு கேட்டிருந்தால்கூட அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

மணி ஆறே கால். அம்மா குனிந்து, மேடைக்குக் கீழே பின்வரிசையில் கிடந்த வாணலியை இழுத்து எடுத்தாள். தூசி படிந்திருந்தது. கழுவினாள். மூன்று உருளைக்கிழங்கு. தோலோடு, கத்தி எவ்வளவு மெல்லிதாகப் போகுமோ அவ்வளவு மெல்லிதாக. பதினொரு வருஷமாகக் கனத்த துண்டு போட்டே பழகிய கை. முதல் கிழங்கு ஒருபக்கம் தாள் போலவும் மறுபக்கம் மரக்கட்டை போலவும் வந்தது. எண்ணெய் காய்வதற்குள் போட்ட முதல் ஈடு எண்ணெய் குடித்துத் துவண்டது. இரண்டாவது ஈடு திரும்பிப் பார்ப்பதற்குள் கருகியது. அவள் தீயைக் குறைத்தாள், கூட்டினாள், வாணலியையே முறைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் பெரியவள், விடும்மா, நேரமாகிறது, வழியில் ஏதாவது வாங்கிக்கொள்கிறேன் என்றாள். அவள் காதில் வாங்கவில்லை.

மூன்றாவது ஈடு சரியாக வந்தது. பொன்னிறத்தில், ஓரம் மட்டும் லேசாகச் சிவந்து, கரண்டியில் அள்ளும்போதே சலசலத்தது. அந்தச் சத்தம் அந்தச் சமையலறையில் இதற்கு முன் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை. பெரியவள் கைநீட்டி ஒன்றை எடுக்கப் போனாள். சூடு, விரலை உதறிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து வாசலில் கார்க்காரர் ஹாரனை அமுக்கினார். மெக்கானிக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஏழே முக்கால் ரயில், ஏழே முக்கால் ரயில் என்று கத்தத் தொடங்கினான். அவள் கைக்குக் கிடைத்த டப்பாவை எடுத்தாள். வறுவலைக் கொட்டி, உப்பைத் தூவி, மூடியைப் பொருத்தி, நான்கு பக்கமும் கொக்கியை அழுத்தி மாட்டினாள். ஓடிப்போய்க் காரில் ஏறினாள்.

ஸ்டேஷனில் பேச நேரம் கிடைக்கவில்லை. பெட்டியை ஏற்றி, இருக்கையைத் தேடி, தண்ணீர் பாட்டிலைத் தந்து, தங்கையை ஒழுங்காகப் படிக்கச் சொல்லி, அவ்வளவில் ரயில் அசைந்தது. ஜன்னலில் பெரியவள் டப்பாவைத் தூக்கிக் காட்டினாள். அப்போதும் அம்மா கையாட்டிக்கொண்டுதான் நின்றாள்.

கடைசிப் பெட்டி கடந்து, நடைமேடையில் கூட்டம் கலைந்து, சின்னவளும் அப்பாவும் முன்னால் நடக்கத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கொதிக்கக் கொதிக்கப் போட்டு மூடிவிட்டாள். உள்ளே ஆவி எங்கே போகும்? டப்பாவுக்குள்தான் சுற்றும். ஒவ்வொரு துண்டாக ஏறி உட்காரும். கால் மணி நேரம் போதும், அரை மணி அதிகம். ஆவியை அடைத்துவைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்கா தெரியாது?

நின்ற இடத்திலேயே ஃபோனை எடுத்தாள். டிப்போ எண்களையெல்லாம் தள்ளிவிட்டு மகளின் எண்ணைத் தேடினாள். இரண்டாவது மணியில் பெரியவள் எடுத்தாள்.

“என்னம்மா, எதையாவது விட்டுட்டு வந்துட்டேனா?”

“அந்த டப்பா மூடியைத் தொறந்துடு. உடனே. தொறந்து மடியில வச்சுக்கோ, காத்து படட்டும்.”

“அப்பவே தொறந்துட்டேன். சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

அவள் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தண்டவாளத்தின் தடதடப்பு கேட்டது. யாரோ ஒருவர் இருக்கை எண் கேட்கும் குரல் கேட்டது. பெரியவள் மெல்லுவது கேட்டது. மெல்லுகிற சத்தம் மட்டும்தான், வேறொன்றும் இல்லை.

“எப்படி இருக்கு?”

“ரொம்ப நல்லா இருக்கும்மா” என்றாள் மகள்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். அடுத்ததையாவது கடிக்கும்போது மொறுக்கென்று சத்தம் வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.